குழாயை யார் மூடினது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் பண்ணி, "பதினைந்து நிமிஷம் பேசணும், பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். "குளிர்காலத்துல தண்ணிக் குழாய் வெடிக்காம பார்த்துக்கறது எப்படின்னு பேசட்டுமா?" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மே மாசத்தில் ஹாஸ்டல் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் கையை வைக்க முடியாத ஊர் இது. இங்கே வந்து ஐஸ் பற்றிப் பேசுகிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் இந்த ஹாலில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் இன்னும் ஐந்தாறு வருஷத்தில் டொரான்டோவிலோ, சிகாகோவிலோ, டாலஸிலோ இருக்கப் போகிறீர்கள். சிலர் ராணுவத்தில் சேர்ந்து லேவுக்குப் போவீர்கள். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1997லிருந்து டெக்ஸாஸில் இருக்கிறேன். டாலஸுக்குப் பக்கத்தில் வீடு. டெக்ஸாஸ் என்றால் சூடு. எங்களுக்குப் பிரச்சினை எல்லாம் ஏ.சி. பில்தான். குளிர் வரும், இரண்டு நாள் இருக்கும், போய்விடும். நம்ம நீலகிரியில், தலைகுந்தாவில், டிசம்பர் ஜனவரியில் புல் மேல் வெள்ளையாக உறைபனி படிந்து, வெயில் ஏறினதும் காணாமல் போகுமே, அந்த மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். 2011 பிப்ரவரியில் ஒரு தடவை கடுமையாகக் குளிர்ந்து, கரண்டை மாற்றி மாற்றி வெட்டினார்கள். மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார் பண்ணுங்கள் என்று அப்போதே மத்திய அரசு அமைப்புகள் அறிக்கை கொடுத்தன. முழுசாகச் செய்யவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, என் வீட்டில் நானும் ஒன்றும் செய்யவில்லை.

இனி 2021 பிப்ரவரிக்கு வருகிறேன்.

அப்போது என் அம்மா எங்களோடு இருந்தார்கள். 2020 ஜனவரியில் மூன்று மாசத்துக்கு என்று வந்தவர்கள், கொரோனாவில் விமானம் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முந்தின வருஷம், அதாவது 2019 கோடையில், சென்னையில் ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா அந்தக் கோடை முழுக்க லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 13, சனிக்கிழமை. டி.வி.யில் மூன்று விஷயம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தோட்டத்து ஹோஸைக் கழற்றுங்கள், வெளிக்குழாய்க்கு உறை மாட்டுங்கள், வீட்டுக்குள் குழாய்களைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வையுங்கள். நான் எல்லாக் குழாயையும் லேசாகத் திறந்துவிட்டேன். அம்மா பார்த்தார்கள். "ஏன்டா தண்ணிய வீணடிக்கிறே?" என்றார்கள். நான் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துக்கொண்டே, "இங்க அப்படித்தாம்மா, சும்மா விடுங்க" என்றேன். அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அவர்கள் பாட்டுக்கு இட்லிப் பானை, குக்கர், அரிசி டப்பா, குளிக்கிற தொட்டி என்று வீட்டில் இருந்த எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். நான் சிரித்தேன்.

திங்கட்கிழமை 15ஆம் தேதி விடியற்காலை கரண்ட் போயிற்று. எலெக்ட்ரிகல் நண்பர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அன்று ராத்திரி டெக்ஸாஸ் கிரிட்டின் ஃப்ரீக்வென்ஸி 60 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கி, 59.4க்குக் கீழே 4 நிமிடம் 23 விநாடி இருந்தது. 9 நிமிடம் அப்படியே இருந்திருந்தால் ஜெனரேட்டர்கள் தாமாகவே கழன்றுகொள்ள ஆரம்பித்திருக்கும். மாநிலமே இருண்டிருக்கும். அதைத் தடுக்கத்தான் ஊர் ஊராகக் கரண்டை வெட்டினார்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் இல்லை. 16ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். 1949க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு குளிர் இல்லை.

மின்னசோட்டாவில் மைனஸ் 30 சர்வசாதாரணம், அங்கே வீடுகள் எல்லாம் வெடித்துக்கொண்டா இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே தெருக் குழாயை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்கிறார்கள். வீட்டுக் குழாய் பேஸ்மென்ட் வழியாக, சூடான பக்கமாகவே ஓடும். டெக்ஸாஸில் பெரும்பாலான வீட்டுக்குப் பேஸ்மென்ட் கிடையாது. பல வீடுகளில் குழாய் பரண் வழியாகப் போகும். 50 காலன் வாட்டர் ஹீட்டர்கூட எங்கள் வீட்டில் பரணில்தான் உட்கார்ந்திருக்கிறது. குளிரும் வெயிலும் வீட்டுக்குள் இறங்காமல் இருக்கப் பஞ்சு மெத்தை மாதிரி ஒன்றைப் பரண் தரையில் விரித்திருப்பார்கள். குழாய் அதற்கு மேலே போனால்? வீட்டுச் சூடும் அதற்குக் கிடையாது, போர்வையும் கிடையாது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1990களில் சோதனை செய்து பார்த்து, காப்பு இல்லாத பரண் குழாய்க்கு மைனஸ் 7 டிகிரி வாக்கில் ஆபத்து ஆரம்பம் என்று சொன்னார்கள். எங்களுக்கு மைனஸ் 19.

கரண்ட் வந்து வந்து போயிற்று. வீட்டுக்குள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். நான் கரி அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் கொண்டுவந்து பற்றவைக்கலாமா என்று யோசித்தேன். என் மனைவி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். அந்த வாரம் காரையும் கரி அடுப்பையும் உள்ளே வைத்து ஓட்டி, கார்பன் மோனாக்சைடு ஏறி இறந்தவர்கள் உண்டு. அந்தப் புயலில் டெக்ஸாஸ் அரசு கணக்கெடுத்த சாவு 246. அதிலே பெரும்பாலோர் குளிரால் போனவர்கள். குழாய் எல்லாம் அதற்கு அப்புறம்தான். புதன்கிழமை வாக்கில் நகரத் தண்ணீரே நூல் மாதிரி வந்தது. கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். அம்மா பிடித்து வைத்த இட்லிப் பானைத் தண்ணீரில்தான் காபி போட்டோம்.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். மத்தியானம் அம்மா படுத்திருந்த அறையின் கூரையில் ஒரு பழுப்புக் கறை. "என்னடா இது, ஒழுகுதா?" என்று எழுந்து வெளியே வந்தார்கள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. கூரை அட்டை, ஈரப் பஞ்சு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து படுக்கை மேல் விழுந்தது. தலையணை இருந்த இடத்தில்.

தண்ணீரை நிறுத்த வேண்டும். மெயின் வால்வு எங்கே? அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருஷமாகக் குடியிருக்கிற வீட்டில் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது! மெக்கானிக்கல் இன்ஜினியர். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் 82 மார்க். ஷெட்டில் தேடினேன், சமையலறையில் தேடினேன். எதிர்வீட்டுப் பெரியவர் ஓடி வந்தார். கையில் டி வடிவத்தில் ஒரு நீளக் கம்பி. முன்பக்கப் புல்தரையில் மீட்டர் பெட்டி மூடியைத் தூக்கி, கம்பியை நுழைத்து ஒரு கால் திருப்பு. நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை, "ஹீட்டரை அணை" என்றார். தண்ணீர் வராத ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கக்கூடாது; கரண்ட் ஹீட்டராக இருந்தால் காயில் வெளியே தெரிந்து சில நிமிஷத்தில் கருகிப்போகும்.

பிறகு பரணில் ஏறிப் பார்த்தோம். விருந்தாளி பாத்ரூமுக்குப் போகிற செப்புக் குழாயில், வளைவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கீழே வந்து பாத்ரூம் குழாயைப் பார்த்தேன். இறுக்கமாக மூடியிருந்தது. நான் திறந்து வைத்த குழாய்.

"யார் மூடினது இதை?" என்று கத்தினேன். அம்மா, "நான்தான்டா. ராத்திரி பூரா வீணாப் போகுதேன்னு..." என்றார்கள். நான் அப்போது சொன்ன வார்த்தைகளை இந்த மேடையில் சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். இது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அதனால் ஐஸ்கட்டி குழாயைப் பிளக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. பரணில் ஓரிடத்தில் ஐஸ் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் அகப்பட்டுக்கொள்ளும். ஐஸ் வளர வளர அந்தத் தண்ணீரை நெட்டும். தண்ணீர் சுருங்குமா? சுருங்காது. அழுத்தம் எங்கேயோ ஏறி, பலவீனமான இடத்தில் குழாய் பிளக்கும். ஐஸ் இல்லாத இடத்தில்கூடப் பிளக்கும். குளிர் இருக்கும்வரை ஐஸே தக்கையாக அடைத்துக்கொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. வெயில் வந்து உருகினதும்தான் ஊற்றும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை நடந்தது அதுதான்.

சொட்ட விடுகிற தண்ணீர் உறைவதைக் கொஞ்சம் தள்ளிப் போடும். ஆனால் முக்கியமான வேலை, அழுத்தம் போக ஒரு வழி வைப்பது. குழாய் உறைந்தாலும் வாய் திறந்திருந்தால் பல சமயம் பிழைத்துவிடும்.

இரண்டு நாள் கழித்து, கோபம் ஆறினபிறகு, இதை அம்மாவிடம் விளக்கினேன். அம்பது வருஷம் குக்கர் வைத்தவர்கள். கேட்டுவிட்டு, "குக்கர்ல வெயிட் அடைச்சிக்கிட்டா வெடிக்கிற மாதிரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன்டா மூடப்போறேன்?" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. சனிக்கிழமை அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அம்மா 2023ல் காலமானார்கள். கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். கேட்ட மாதிரி ஒரு காபி போட்டுக் கொடுத்தேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வெளிச்சுவரை ஒட்டின குழாய்களைத்தான் முதலில் திறக்கணும், வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கமும். தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், அறைச் சூடு உள்ளே போகும். குழாய்க்கு மாட்டுகிற ஃபோம் உறை நல்லது. ஆனால் அது போர்வை, அடுப்பு இல்லை. இரண்டு மூன்று நாள் குளிர் நின்றால் போர்வைக்குள்ளும் உறையும். உறைந்துவிட்டால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள், குழாய் வாயிலிருந்து ஆரம்பித்து உள்பக்கமாக. நெருப்பு கூடவே கூடாது.

வாஷிங் மெஷின் ஷெட்டில் இருந்தால் அதன் பம்ப்பிலும் ஹோஸிலும் தண்ணீர் தங்கியிருக்கும். இரண்டு குழாயையும் மூடி, ஹோஸைக் கழற்றி வடித்து, டிரெயினில் ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். டிஷ்வாஷருக்கும் இதே கதைதான். டேங்க் இல்லாத வாட்டர் ஹீட்டருக்கு உறையாமல் காக்கிற ஏற்பாடு உள்ளேயே உண்டு, ஆனால் அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போன அன்றைக்குத்தான் அது தேவை! கேஸையும் தண்ணீரையும் மூடி, வடித்துவிடுங்கள். ஷெட்டில் வைத்த ஃப்ரிட்ஜ் இன்னும் வேடிக்கை. வெளியே குளிர் என்றால் உள்ளே இருக்கிற தெர்மோஸ்டாட், குளிர்ந்துதானே இருக்கிறது என்று கம்ப்ரெஸரை ஓடவிடாது. ஷெட் லேசான குளிரில் இருந்தால், மேல்தட்டு ஃப்ரீஸரில் இருக்கிற சாமான் உருகிவிடும்.

டிசம்பர் லீவில் ஊருக்கு வருகிறீர்களா? மெயினை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிட்டு, ஹீட்டரையும் அணைத்துவிட்டு வாருங்கள். அறை நண்பன் யாராவது இருந்தால் ஏன் மூடினோம் என்று அவனுக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்த டி கம்பியை எதிர்வீட்டுக்காரர் எனக்கே கொடுத்துவிட்டார். சூட்கேஸில் கொண்டு வந்திருக்கிறேன். விமான நிலையத்தில் இது என்ன ஆயுதம் என்று கேட்டார்கள். வாசலில், பதிவு மேஜைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், சாப்பாட்டுக்குப் போகிறபோது எடுத்துப் பாருங்கள்.