பாதியில் நின்ற விண்கலங்கள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ வரலாறோ பேசுவதுதான் வழக்கம். நான் கொடுத்த தலைப்பைப் பார்த்து அறங்காவலர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு பெருந்தன்மையோடு சம்மதித்தார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தயாரித்த நிறுவனங்களே கைவிட்ட சில அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களை, பார்த்தவர்கள் மட்டும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். ஒளிபரப்பு நின்று இருபது, ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னும் அந்தப் பிடிப்பு ஏன் தளரவில்லை என்பதே இன்றைய பேச்சு.

‘ஃபயர்ஃப்ளை’ என்ற தொடரில் தொடங்குகிறேன். ஜாஸ் வீடன் உருவாக்கியது. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்த ஒருவன், ஓர் ஓட்டைச் சரக்கு விண்கலத்தை வைத்துக்கொண்டு, கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கிற கதை. 2002 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு, ஃபாக்ஸ் சேனலில் முதல் ஒளிபரப்பு. பாத்திரங்களை அறிமுகப்படுத்துவதற்கென்றே எடுத்த இரண்டு மணி நேர முதல் எபிசோடை ஃபாக்ஸ் ஒதுக்கிவைத்துவிட்டு, ரயில் கொள்ளை வருகிற இரண்டாவதை முதலில் போட்டது. எடுத்தவை 14 எபிசோடுகள். அந்தச் சேனலில் வந்தவை 11. நிறுத்துவதென்று முடிவான பிறகு, டிசம்பர் 20 அன்று, அந்த ஒதுக்கிவைத்த முதல் எபிசோடைக் கடைசியாகக் காட்டினார்கள். பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலில் சந்திப்பதை, அவர்களிடமிருந்து விடைபெறும் இரவில்தான் பார்வையாளர் பார்த்தார். கதை சொல்லும் தொழிலில் இருப்பவர்கள் செய்கிற காரியமா இது?

ஆனாலும் அடுத்த ஆண்டு டிசம்பரில் 14 எபிசோடுகளும் சரியான வரிசையில் டி.வி.டி.யாக வந்தபோது நன்றாக விற்றது. அந்த விற்பனையும் ரசிகர்களின் பரபரப்பும் யுனிவர்சல் நிறுவனத்தை ‘செரினிட்டி’ என்ற திரைப்படத்தை எடுக்க வைத்தன. 2005 செப்டம்பரில் வெளியான அந்தப் படம் வசூலில் செலவைத் தாண்டவே தடுமாறியது. 2007-இல் ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற நாசா விண்வெளி வீரர், தொடரையும் படத்தையும் டி.வி.டி.யில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே எடுத்துச் சென்றார். ரசிகர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘பிரவுன்கோட்’. கதைக்குள் போரில் தோற்ற பக்கத்தாருக்கு அதுதான் பெயர்.

இந்தப் பிடிப்புக்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. முடியாத கதை மனத்தை அரிக்கும் என்பது அது. அதற்குத் துணையாக உளவியலில் ஒரு பெயரையும் சொல்வார்கள்: புளூமா ஸைகார்னிக். பெர்லினில் கூர்ட் லெவினிடம் ஆய்வு செய்த மாணவி. முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்திய வேலை நினைவில் நன்றாகத் தங்குகிறது என்று 1927-இல் எழுதினார். அவருடைய முடிவைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலரால் மறுபடி காட்ட முடியவில்லை. அதே குழுவில் இருந்த மரியா ஓவ்சியான்கினா சொன்னது அதைவிட உறுதியாக நின்றிருக்கிறது: பாதியில் தடுத்த வேலையை, யாரும் கேட்காமலே, மனிதர்கள் திரும்பப் போய் எடுத்துச் செய்கிறார்கள். இதில் ‘நினைவு’ இல்லை, ‘செயல்’ இருக்கிறது. நான் சொல்லப்போவதற்கு அதுவே நெருக்கமானது.

ஏனென்றால் ‘முடியாத கதை’ என்ற விளக்கம் ‘ஸ்டார் ட்ரெக்’கின் முன்னால் நிற்காது. எல்லா ரசிகர் கூட்டங்களுக்கும் முன்னோடியான அந்தத் தொடரில் முடியாத கதை என்று எதுவுமே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு கிரகம், ஒரு சிக்கல், ஒரு தீர்வு. வாரக் கதை வாரத்தோடு தீர்ந்துவிடும். 1969 ஜூன் 3 அன்று வந்த கடைசி எபிசோடும் அப்படித்தான். தொங்கலில் எதையும் விடவில்லை. மறுபக்கம், ‘ஃபயர்ஃப்ளை’க்குத் திரைப்படம் ஒரு முடிவைக் கொடுத்தது, பிரியமான பாத்திரங்களில் இருவரைக் கொன்றே கொடுத்தது. அரிப்புதான் காரணம் என்றால், 2005-இல் ரசிகர்கள் திருப்தியாகக் கலைந்திருக்க வேண்டும். அவர்கள் மறு ஆண்டு முதல் ஊர் ஊராக அந்தப் படத்தைத் திரையிட்டு, பெண்களின் உரிமைக்காக உழைக்கும் ‘ஈக்வாலிட்டி நவ்’ அமைப்புக்கு நிதி திரட்டத் தொடங்கினார்கள்.

‘ஸ்டார் ட்ரெக்’ கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் நடுவயதைக் கடந்தவர்கள் எண்பதுகளில் தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அதைப் பார்த்திருப்பார்கள். அப்போதே அது செத்துப் பிழைத்த தொடர் என்பது நமக்குத் தெரியாது.

1966-இல் என்.பி.சி. சேனலில் தொடங்கியது. இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அன்றைய அமெரிக்காவில் ஒரு தொடரின் தலையெழுத்தை நீல்சன் நிறுவனத்தின் ரேட்டிங் எழுதியது. நாடு முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 1,200 வீடுகளில் கருவி வைத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். உங்கள் வீட்டில் கருவி இல்லையென்றால், நீங்கள் வாரம் தவறாமல் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். அந்தக் கணக்கில் இல்லாதவர்கள் தாங்களும் இருக்கிறோம் என்று காட்ட என்ன வழி? கலிபோர்னியாவில் பீஜோ ட்ரிம்பிளும் அவர் கணவர் ஜானும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒருவர் பத்துப் பேரிடம் கடிதம் எழுதச் சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேரும் தலைக்குப் பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும். இணையம் இல்லை, கைப்பேசி இல்லை. கையால் சுற்றும் நகலெடுப்பு இயந்திரமும் அஞ்சல் தலையும்தான் ஆயுதம். கால்டெக் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் பர்பேங்க் நகரில் இருந்த என்.பி.சி. அலுவலகத்துக்கே ஊர்வலமாகப் போனார்கள். நிறுவனமே ஒப்புக்கொண்ட கணக்கில் கடிதங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 1968 மார்ச் 1 இரவு, எபிசோட் முடிந்ததும், தொடர் நீடிக்கும் என்று திரையிலேயே அறிவித்தார்கள்.

வெற்றி என்று சொல்லலாமா? மூன்றாம் சீசனுக்கு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணியைக் கொடுத்தார்கள். இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம் அது. பட்ஜெட்டையும் வெட்டினார்கள். கதைகளும் நலிந்தன. 79 எபிசோடுகளோடு நின்றது. அதற்கு ஏழு வாரம் கழித்து மனிதன் நிலவில் இறங்கினான்! அமெரிக்கத் தொலைக்காட்சி நிர்வாகத்தின் காலக்கணிப்பைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஓராண்டு நீட்டிப்பில் வேறொன்று நடந்திருந்தது. உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்புக்கு விற்கப் போதுமான எண்ணிக்கையில் எபிசோடுகள் சேர்ந்திருந்தன. எழுபதுகளில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் மாலை நேரங்களில் அவற்றைப் பார்த்து வளர்ந்தார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ரசிகர் மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். ரசிகர்களே தட்டச்சு செய்து, நகலெடுத்து, அஞ்சலில் அனுப்பிய சிற்றிதழ்கள் பெருகின. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வேலையும் அலுவலக வேலையும் முடித்து, இரவில் உட்கார்ந்து, தொடரின் நாயகர்களான ஸ்பாக்குக்கும் கிர்க்குக்கும் புதிய கதைகள் எழுதினார்கள். முதல் சிற்றிதழ் தொடர் ஓடிக்கொண்டிருந்த 1967-இலேயே வந்துவிட்டது. தொடர் நின்றபின் அந்த எழுத்து நிற்கவில்லை, பல மடங்காகியது.

1976-இல் இன்னொரு கடித இயக்கம். நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு ‘கான்ஸ்டிடியூஷன்’ என்று பெயர் வைப்பதாக இருந்தது. ரசிகர்களின் கடிதங்கள் வெள்ளை மாளிகையில் குவிய, அதிபர் ஃபோர்டு அதை, தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான ‘என்டர்பிரைஸ்’ என்று மாற்றினார். செப்டம்பர் 17 அன்று அது கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது தொடரின் நடிகர்கள் அருகில் நின்றார்கள். அந்த ஓடம் சோதனைக்காகக் கட்டியது. காற்றில் மிதந்து தரையிறங்கியதே தவிர, ஒருநாளும் விண்வெளிக்குப் போகவில்லை. ரசிகர்களின் வெற்றிகளில் பல இந்த ரகத்தைச் சேர்ந்தவைதான்.

இப்போது நான் நினைப்பதைச் சொல்கிறேன். பார்ப்பவர் ஒரு தொடரிடம் அன்பு வைப்பது ஒரு கட்டம். அதற்காக உழைக்கத் தொடங்குவது வேறு கட்டம். உரிமையாளர் கைவிடும் நாளில்தான் இரண்டாவது கட்டம் பிறக்கிறது. அதுவரை அவசியமே இல்லை. கடிதம் எழுதியவர், சிற்றிதழ் நடத்தியவர், உடை தைத்தவர், திரையிடலுக்கு அரங்கம் பிடித்தவர் ஆகியோர் அதன்பின் நேசிப்பது தொடரை மட்டுமல்ல. அதில் தாங்கள் இட்ட உழைப்பை, அந்த உழைப்பில் கிடைத்த நண்பர்களை. குடும்பத்தில் எல்லோரும் ஒதுக்கிய தாத்தாவைப் பத்தாண்டு கவனித்துக்கொண்ட பேத்தியிடம், ‘அவர்மீது ஏன் இவ்வளவு பாசம்’ என்று கேட்பீர்களா?

ஏன் குறிப்பாக அறிவியல் புனைகதை? போலீஸ் தொடர் நின்றால் இப்படி நடப்பது அரிது. காரணம் எளிது. நிகழ்கால நகரத்தில் நடக்கும் கதைக்குத் தெரு, சட்டம், பணம், சாப்பாடு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. விண்வெளிக் கதை எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். கட்டியதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திரையில் காட்ட நேரம் இராது. அந்தக் கிரகத்தின் மறுபாதி எப்படி இருக்கும், தோற்ற படையின் மற்ற வீரர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விகளுக்கு யாரும் விடை எழுதவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் ரசிகர் குடியேறுகிறார். சீக்கிரம் செத்த தொடருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. கெட்டுப்போக அதற்கு அவகாசம் இல்லை. ‘ஃபயர்ஃப்ளை’ ஏழு ஆண்டு ஓடியிருந்தால் அதன் ஆறாம் சீசனைப் பற்றி அதே பிரவுன்கோட்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’வில் இந்த உழைப்பு என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு முழுச் சான்று இருக்கிறது. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய தொடர் அது. அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை அதிகம். பழைய நிகழ்ச்சிகளை அழித்து நாடாவை மறுபடி பயன்படுத்துவது பிபிசியின் வழக்கம். அறுபதுகளின் எபிசோடுகள் தொண்ணூறுக்கும் மேல் இப்படிக் காணாமல் போயின. ஆனால் அவற்றின் ஒலி முழுவதும் இன்று இருக்கிறது. காரணம், அன்று சிறுவர்களாக இருந்த சில ரசிகர்கள், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்துவைத்தார்கள். நிறுவனம் அழித்ததைப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள். அந்த ஒலியை வைத்து ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதைக்கு அனிமேஷனில் புதிதாகப் படம் வரைந்து 2016-இல் பிபிசியே வெளியிட்டது. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையம் ஒன்றில் கிடந்த ஒன்பது எபிசோடுகள் மீண்டு வந்தன. அதுவும் தேடி அலைந்த ஒருவரின் வேலை.

1985-இல் பதினெட்டு மாத இடைவெளி என்று பிபிசி அறிவித்தபோது எதிர்ப்புக்காக ஒரு பாட்டு இசைத்தட்டு போட்டார்கள். அதைக் கேட்ட சிலர் பிபிசியின் பக்கம் சாய்ந்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். 1989-இல் ஓசையில்லாமல் நிறுத்தினார்கள். கடைசி எபிசோடின் இறுதியில் ஒட்டிய சிறு பேச்சை, தொடரின் நாயகனான டாக்டராக அப்போது நடித்த சில்வெஸ்டர் மெக்காய் ஒலிப்பதிவு செய்தது, தொடரின் இருபத்தாறாம் பிறந்தநாளில். பிறகு பதினாறு ஆண்டுகள். நடுவில் 1996-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் மட்டும் வந்து போனது.

அந்தப் பதினாறு ஆண்டுகளில்தான் ரசிகர்கள் தொழில் கற்றார்கள். 1991 முதல் வர்ஜின் பதிப்பகம் டாக்டரின் புதிய நாவல்களை வெளியிட்டது. ரசிகர்களாக இருந்தவர்கள் எழுத்தாளர்களானார்கள். பால் கார்னல் 1995-இல் எழுதிய ‘ஹ்யூமன் நேச்சர்’ நாவல், 2007-இல் அவராலேயே திரைக்கு வந்தது. ரஸல் டி டேவிஸ் 1996-இல் ஒரு நாவல் எழுதினார். 2005 மார்ச்சில் தொடரைத் திரும்பக் கொண்டுவந்த தலைமை எழுத்தாளர் அவர். 1999 முதல் ‘பிக் ஃபினிஷ்’ நிறுவனம் ஒலி நாடகங்கள் தயாரித்தது. அவற்றில் சிறு வேடங்களில் குரல் கொடுத்த டேவிட் டென்னன்ட் பிறகு டாக்டராகவே நடித்தார். நிர்வாகிகள் மனம் மாறித் தொடர் மீண்டது என்று சொல்வது அரைகுறை உண்மை. நிர்வாகத்தில் உட்காரும் வயதுக்கு ரசிகர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

எல்லாம் இனிப்பல்ல. உழைத்தவருக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் வந்துவிட்டால், எழுதியவரையும் நடித்தவரையும் ரசிகர்களே வதைப்பதைப் பார்க்கிறோம்; புதிதாக வருபவரை ‘நீ அசல் ரசிகனா’ என்று பரீட்சை வைத்து விரட்டுவதையும் பார்க்கிறோம். நிறுவனங்களும் இந்த உழைப்பின் விலையைக் கற்றுக்கொண்டன. அணுகுண்டுக்குப் பிந்தைய கான்சாஸ் சிற்றூரைப் பற்றிய ‘ஜெரிக்கோ’வை சிபிஎஸ் 2007-இல் நிறுத்தியபோது, கடைசி எபிசோடின் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் இருபது டன் நிலக்கடலையை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். சிபிஎஸ் ஏழு எபிசோடுகள் கொடுத்தது. கூடவே, கடலை போதும், புதிய பார்வையாளர்களைச் சேர்த்து வாருங்கள் என்று எழுதியது. விளம்பரத் துறையின் வேலை ரசிகர் தலையில் ஏறியது. ஏழும் முடிந்ததும் மறுபடி நிறுத்தினார்கள். ‘தி எக்ஸ்பான்ஸ்’ ரசிகர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது: 2018-இல் சான்டா மோனிகாவில் அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்தின் மேல் பதாகை கட்டிய விமானம் பறக்கவிட்டார்கள், மேலும் மூன்று சீசன்கள் கிடைத்தன.

கடைசியாக ஒன்று. இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் கையில் ஏதோ ஒன்று இருந்தது: மறுஒளிபரப்பு, ஒலிநாடா, டி.வி.டி. இன்று தொடர்கள் வட்டாக வருவது அரிதாகிவிட்டது. நிறுவனத்தின் சர்வரில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 2022-இல் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடரை நிறுத்திய எச்பிஓ, சில வாரங்களில் தன் தளத்திலிருந்தும் எடுத்துவிட்டது. 2023 ஜூனில் பாரமவுன்ட் நிறுவனம் குழந்தைகளுக்கான ‘ஸ்டார் ட்ரெக்: ப்ராடிஜி’யை நிறுத்தியதோடு, வந்த எபிசோடுகளையும் தன் தளத்திலிருந்து அகற்றியது. அந்தத் தொடர் தப்பியது. ரசிகர்கள் மனுப் போட்டார்கள். வட்டாக வெளியான எபிசோடுகளை வாங்கித் தீர்த்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்டு 2024 ஜூலையில் இரண்டாம் சீசனை வெளியிட்டது. ட்ரிம்பிள் தம்பதி தொடங்கிவைத்த பழக்கம் ஐம்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு அவர்களுடைய தொடரின் வாரிசுக்கே பயன்பட்டது. ஆனால் வட்டாகவே வராத, பெயர்கூடப் பரவாத எத்தனையோ முதல் சீசன்களுக்கு, டேப் ரெக்கார்டரோடு பெட்டியின் முன் உட்கார்ந்த அந்தப் பிள்ளையின் இடத்தில் இன்று யாரும் உட்கார முடியாதபடி நிறுவனங்கள் பூட்டுப் போட்டிருக்கின்றன. சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே இருப்பதால், கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.