பார்க்காத படத்துக்கு ஒரு சண்டை

தலைவர் அவர்களுக்கும், வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், 'இந்த ஆள் எப்போது முடிப்பார், படம் எப்போது போடுவார்கள்' என்று பின்வரிசையில் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேருக்கு நேராக 'புதிய படங்களும் பழைய படங்களும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இன்னொரு பேரையும் போட்டிருக்க வேண்டும். நான் பேசப்போவதில் பாதி, முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவனுடைய சொத்து. நம் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். பேரை மட்டும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் வந்திருக்கிறான். அதனால் 'இவன்' என்றே சொல்கிறேன். நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவான்.

எங்கள் இரண்டு பேருக்கும் நெடுநாள் பழக்கம் ஒன்று உண்டு. புதுப் படம் எது வந்தாலும் பார்த்துவிட்டு நேரே டீக்கடைக்குப் போவோம். முதல் மடக்கிலேயே இவன் ஆரம்பிப்பான்: "இது அந்தப் படம்தானேடா?" எந்தப் படத்துக்கும் ஒரு பழைய படம் இவன் கையில் இருக்கும். பட்டறையில் எந்தப் பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மேசை டிராயரிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போட்டுப் பார்க்கிறானே, அதே புத்தி. முக்கால்வாசி பொருந்தாது. ஆனால் பொருந்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

1991 தீபாவளி. இங்கே நரைத்த தலைகளுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் 'தளபதி'யும் 'குணா'வும் வந்தன. ரஜினி ஒரு பக்கம், கமல் ஒரு பக்கம். இரண்டுக்கும் இசை இளையராஜா, ஆகவே அந்தப் பஞ்சாயத்துக்கு மட்டும் வழியில்லை. நாங்கள் அப்போது கல்லூரியில். எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, இவன் 'தளபதி'க்குப் போனான். நான் 'குணா'வுக்குப் போனேன். சாயங்காலம் சந்தித்தபோது இவன் சொன்னான்: "நட்புன்னா என்னன்னு காட்டியிருக்கான்டா மணிரத்னம். உன் ஆளு பைத்தியக்காரனா வந்து ஒரு பொண்ணைக் கடத்திட்டுப் போறானாம், அதுக்கு ஒரு படமாம்!"

அந்தச் சண்டை 33 வருஷம் ஓடியது. மிகைப்படுத்தவில்லை. இவன் மகள் கல்யாணத்தில், பந்தியில் பாயசம் ஊற்றும்போதுகூட 'குணா'வை ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் நகர்ந்தான். 'தளபதி' ஊரெல்லாம் ஓடியதும் 'குணா' அந்த அளவுக்கு ஓடாததும் இவனுக்கு வசதியாகப் போயிற்று. எனக்கோ சொந்த ஊர்ப் பாசம் வேறு. படத்தில் குணா கதாநாயகியைக் கூப்பிடும் பேர் அபிராமி. நம் ஊர்க் கோயிலில் இருப்பவளும் அபிராமி. குகை இருப்பதும் நம் மாவட்டத்துக் கொடைக்கானலில். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 'டெவில்ஸ் கிச்சன்', பிசாசின் அடுப்படி, என்று இருந்த இடத்துக்கு அந்தப் படம்தான் 'குணா குகை' என்று பேர் வைத்தது. ஓடாத ஒரு படம் மலையின் பேரையே மாற்றிவிட்டதடா என்பேன். "மலைதான் மாறுச்சு, வசூல் மாறலையே" என்பான்.

2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. இயக்குநர் பேர் சிதம்பரம் என்றதும் நம்மூர்ப் பையன் என்று நினைத்தே பாதிப் பேர் டிக்கெட் எடுத்தார்கள். அவர் மலையாளி. கொச்சிப் பக்கம் மஞ்ஞும்மல் என்கிற ஊரிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த பையன்களில் ஒருவன் குணா குகையின் குழிக்குள் விழுந்துவிடுகிறான். இன்னொருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கிவருகிறான். 2006-ல் உண்மையாகவே நடந்தது. மலையாளப் படங்களில் முதன்முதலாக 200 கோடியைத் தாண்டியது இந்தப் படம்தான். அதில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் கொடுத்த பங்கு பெரிது. மொழி முழுசாகப் புரியாமலே பார்த்தோம். அந்தக் குகைக்குள் மொழிக்கு அதிக வேலையும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஐம்பதைத் தாண்டிய ஆட்கள், சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள். 'குணா'வுக்காக அன்றைக்கு உண்மையான குகைக்குள்ளேயே இறங்கிப் படம் எடுத்தார்கள். இந்தப் படத்தில் நாம் பார்க்கும் குகையில் பெரும்பகுதி அஜயன் சாலிசேரி போட்ட செட். ஈரமும் பாசியும் வௌவாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்திருந்தார். கயிறு மேலே வருகிறது. இழுப்பவர்களின் கைத்தோல் உரிகிறது. அந்தப் பையன் உயிரோடு வெளிச்சத்துக்கு வருகிற நேரத்தில், 'குணா'வின் அந்தக் கடிதப் பாட்டு எழுகிறது.

தியேட்டரே எழுந்து கத்தியது. நான் பக்கத்தில் பார்த்தேன். இவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பாட்டு பழைய படத்தில் என்ன? எழுதத் தெரியாத ஒருவன், தான் கடத்திவந்த பெண்ணையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கே ஒரு காதல் கடிதம் சொல்லச் சொல்ல, அவள் அதைத் திருத்தித் திருத்திப் படிக்கிறாள். மனிதர்களுக்குப் புரிகிற சாதாரணக் காதல் இல்லை தன்னுடையது என்று அவன் தடுமாறிச் சொல்லும் இடம் ஒன்று வரும். அதே இடம், அதே மெட்டு. ஆனால் இப்போது கயிற்றின் நுனியில் தொங்குவது இரண்டு நண்பர்கள். காதலுக்கு எழுதியது நட்புக்குப் பொருந்திவிட்டது. ஒரு எழுத்து மாறவில்லை.

வெளியே வந்தோம். டீயை வாங்கி ஆற விட்டுவிட்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு சொன்னான்: "இது 'தளபதி' கதைடா. 'குணா' பாட்டு."

33 வருஷத்துச் சண்டை அஞ்சே வார்த்தையில் தீர்ந்துபோயிற்று. நான் அசந்து நிற்கும்போதே அடுத்த கேள்வி கேட்டான் பாருங்கள்: "ஆமா, படத்துல அந்தப் பொண்ணு கடைசியில என்னடா ஆகுது?"

எனக்குப் புரையேறியது. "டேய், நீ 'குணா' பார்த்ததே இல்லையா?"

பார்த்ததே இல்லை! பாட்டை ரேடியோவில் கேட்டிருக்கிறான், டீக்கடையில் கேட்டிருக்கிறான். மீதியெல்லாம் கேள்விஞானம். பார்க்காத ஒரு படத்தை எதிர்த்து ஒரு மனிதன் 33 வருஷம் விடாமல் வாதாடியிருக்கிறான் என்றால், அந்த விசுவாசத்துக்கு 'தளபதி' படக் கம்பெனிக்காரர்கள் இவனுக்கு ஒரு பொன்னாடையாவது போர்த்தியிருக்க வேண்டும்.

சரி, சிரித்தது போதும். நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பழைய படத்திலிருந்து புதுப் படம் என்னென்ன எடுத்துக்கொண்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பேர் எடுப்பது எளிது. 'பில்லா', 'பொல்லாதவன்', 'படிக்காதவன்' என்று பழைய பலகைகளைத் துடைத்துத் திரும்ப மாட்டிய படங்கள் எத்தனையோ. அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. புதுப் படம் பழைய படத்தை என்ன செய்துவிடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். 1991-ல் எடுத்து முடித்துப் பெட்டியில் வைத்த படம், 2024-ல் மாறிப்போகிறது. இனி யார் 'குணா' பார்த்தாலும் அந்தப் பாட்டில் ஒரு கயிறு தொங்கத்தான் செய்யும்.

கயிறு நல்ல விஷயம். ஆனால் எல்லா மாற்றமும் அப்படி இனிப்பாக இருக்காது.

1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்'. இந்தப் படத்தில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. இரண்டு பேரும் ஒன்றாகப் போய், ஒன்றாக விசிலடித்து, ஒன்றாக அழுதோம். சிவாஜியின் மீசை, முடியை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிற கமல், பி.சி.ஸ்ரீராமின் வெளிச்சம், ரேவதி வாங்கிய தேசிய விருது என்று இன்றைக்கும் மணிக்கணக்கில் பேசுவோம். அதில் இசக்கி என்று ஒரு ஆள் வருவான். வடிவேலு. அவரை அப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருந்த காலம். பூட்டிக் கிடக்கிற கோயிலைச் சின்னய்யா சக்திவேலுக்காக இசக்கி திறந்துவிடுகிறான், பூட்டை உடைத்து. அதற்காக அவன் கையை வெட்டிவிடுகிறார்கள். கை போன நிலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, இனி ஒரே கையால் எல்லாம் செய்ய வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று சொல்வான். நாங்கள் 'ச்சே' என்று உருகிவிட்டு, அடுத்த காட்சிக்குப் போய்விட்டோம். படமும் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

2023-ல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தது. அதே வடிவேலு. சேலம் பக்கம் காசிபுரம் தனித் தொகுதியின் எம்.எல்.ஏ. சட்டமன்ற உறுப்பினர்தான், ஆனால் பகத் பாசில் நடித்த ரத்தினவேலின் முன்னால் நின்றுகொண்டே இருக்கிறார். மகன், "உட்காருங்கப்பா" என்கிறான். ஒரு நாற்காலிதான். அதில் அந்த மனிதர் உட்காரும்போது தியேட்டரில் எழுந்த சத்தத்தை வேறு எந்தச் சண்டைக்காட்சிக்கும் நான் கேட்டதில்லை. 'தேவர் மகன்' இசக்கி மாமன்னன் ஆனால் எப்படி இருக்கும் என்று யோசித்து எடுத்த படம் இது என்று மாரி செல்வராஜ் பாடல் வெளியீட்டு மேடையிலேயே சொன்னார், கமலை முன்னால் வைத்துக்கொண்டு. சொன்னவர் துணிச்சலையும் பாராட்டலாம், கேட்டவர் பொறுமையையும் பாராட்டலாம்.

படம் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவன் வீட்டில் 'தேவர் மகன்' போட்டோம். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. ஆனால் அன்றைக்குக் கண் சிவாஜி மேல் நிற்கவில்லை. இசக்கி எங்கே நிற்கிறான், எப்போது வருகிறான், எப்போது காணாமல் போகிறான் என்று அவன் பின்னாலேயே போயிற்று. கோயில் பூட்டு வந்த இடத்தில் இவன் ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். தொழில்காரன் இல்லையா, பூட்டு என்ன ரகம் என்று பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"சாவி பெரிய வீட்டுக்காரங்க கையில. திறக்கச் சொன்னதும் பெரிய வீட்டுக்காரரு. கை போனது யாருக்குப் பாத்தியா?" என்றான்.

இத்தனை வருஷமாகப் பூட்டு செய்கிறவன். இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தவன். அன்றைக்குத்தான் கேட்டான். நான் பதிலுக்கு, கடைசியில் சக்திவேல் ஜெயிலுக்குப் போகும்போது பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லிவிட்டுத்தானே போகிறார், படம் அரிவாளைக் கீழே போடத்தானே சொல்கிறது என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். 'தேவர் மகன்' எனக்குப் பிடித்த படம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதன் பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் எந்தெந்த ஊர்வலங்களில், யார் தெருவைக் கடக்கும்போது, எவ்வளவு சத்தமாக ஒலித்தது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிடித்த படத்தைப் பிடித்தபடியே வைத்துக்கொண்டு, இசக்கியின் பக்கத்திலும் போய் நிற்க முடியுமா? எனக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை. இவன் டிவியை அணைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல்.

தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னும் இரண்டே படம்.

'லப்பர் பந்து'. 2024 செப்டம்பர். அதில் கெத்து என்கிற கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் விஜயகாந்தின் 'பொன்மனச்செல்வன்' பாட்டு ஒலிக்கும். 1989-ல் வந்த படம். விஜயகாந்த் இறந்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தேடித் தேடிக் கேட்டார்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கினால் கெட்டுவிடும்.

'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025 மே. இலங்கையில் விலைவாசியும் நெருக்கடியும் தாங்காமல் ஒரு தமிழ்க் குடும்பம் இராமேசுவரத்தில் வந்து இறங்குகிறது. அம்மா, சிம்ரன். இவன் இடைவேளையிலேயே சாவியைப் போட்டுவிட்டான்: "'கன்னத்தில் முத்தமிட்டால்'." 2002. அதிலும் அம்மா சிம்ரன்தான். அகதியாக வந்த பெண் விட்டுப்போன குழந்தையை எடுத்து வளர்த்து, பெற்றவளைக் காட்ட அந்தப் போர் நிலத்துக்கே கூட்டிக்கொண்டு போகிற அம்மா. 23 வருஷம் கழித்து அதே முகம் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வருகிறது. அன்று தேடிப் போனவள், இன்று தஞ்சம் கேட்டு வருகிறாள். நடிகை இதையெல்லாம் யோசித்தாரா என்று தெரியாது. முகம் யோசித்திருக்கிறது.

எனக்கு இந்தப் படம் கொஞ்சம் தித்திப்பு அதிகம். பிடிக்கிற போலீஸ்காரர் விட்டுவிடுகிறார், முகம் கொடுத்துப் பேசாத தெரு ஒன்றாகிவிடுகிறது. இவனோ, "கிடைக்காதவங்களுக்குப் படத்துலயாவது கிடைக்கட்டுமே" என்றான். அடுத்த வாரம் ஒரு வேலையாகத் தோட்டனூத்துப் பக்கம் போனோம். 2022-ல் இலங்கைத் தமிழர் முகாம் மக்களுக்குப் புது வீடுகள் கட்டித் திறந்தார்களே, அங்கே. ஒரு வாசலில் வயசான அம்மா ஒருவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இவன் வண்டியை நிறுத்தி, படம் பார்த்தீர்களா அம்மா என்று கேட்டான். "பார்த்தனான் தம்பி. பிள்ளையள் சிரிச்சதுகள்" என்றார். புடைப்பதை நிறுத்தவில்லை. அவர் சிரித்தாரா என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

முடித்துவிடுகிறேன். 'குணா' மறுபடியும் தியேட்டருக்கு வருகிறது என்று 2024-ல் சொன்னார்கள். வழக்கு வந்து தள்ளிப்போய், நவம்பர் கடைசியில்தான் வந்தது. அந்த வாரம் இவனுக்குக் கண்புரை ஆபரேஷன். கண்ணில் பச்சைத் துணியோடு படுத்திருந்தான். செல்போனில் போட்டுக் காட்டுகிறேன் என்றால், "முப்பத்துமூணு வருஷம் பார்க்காம இருந்தவன், அஞ்சு அங்குலத்துலயா பார்ப்பேன்?" என்று மறுத்துவிட்டான்.

முறைப்படி அனுமதி வாங்கி, இன்றைக்கு இந்தத் திரையில் 'குணா'வைப் போடுகிறார்கள் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள். நான் போய் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். கடைசியில் அபிராமி என்ன ஆகிறாள் என்று யாரும் இவனிடம் சொல்லிவிடாதீர்கள். தம்பி, விளக்கை அணையுங்கள்.