வானிலிருந்து விழுந்த கல்லும் வித்வான்களின் சபையும்



விஞ்ஞானத்தின் எல்லையோரத்தில் நிகழும் விசித்திரங்களைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டிருக்கிறேன். அவற்றில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கத் தக்க மார்க்கம் உண்டா என்னும் கேள்விக்கு, வானத்திலிருந்து விழுந்த கற்களின் வரலாற்றைப் போலத் தெளிவாக விடை தருவது எனக்குத் தெரிந்தவரை வேறொன்றில்லை. ஆதலால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

1768-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 13-ஆம் நாள், பிரான்சு தேசத்து லூசே என்னும் கிராமத்தில் அறுவடை செய்துகொண்டிருந்தவர்கள், இடி போன்ற முழக்கம் கேட்டு நிமிர்ந்து பார்க்கையில், கல் ஒன்று வானில் வளைந்து வந்து புல்வெளியில் விழுந்து பாதி புதைந்து நின்றது. ஓடிப்போய்த் தொட்டவர்களுக்குக் கை பொறுக்கவில்லை. அக்கல்லின் துண்டு பாரிஸ் நகரத்து விஞ்ஞான சபைக்குச் சென்றது. பரிசோதித்த மூவருள் ஒருவர், பிற்காலத்தில் நவீன ரசாயனத்தின் பிதா என்று உலகம் போற்றிய லவாய்சியே. அம்மூவரும் அளித்த தீர்ப்போ, இது வானிலிருந்து விழுந்ததன்று, பூமியிலேயே கிடந்து மின்னலால் தாக்குண்ட கந்தகம் கலந்த கல் என்பதாக முடிந்தது.

அவர்களை அறிவிலிகள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பில்லி சூனியத்தோடும் குருட்டு நம்பிக்கையோடும் போராடி அறிவுக்கு இடம் தேடித் தந்த தலைமுறை அது. கிரகங்களுக்கு இடையே உள்ள ஆகாயம் வெறும் சூனியவெளி என்று நியூட்டன் வழி வந்தவர்கள் எண்ணியிருந்தார்கள். கல்லே இல்லாத இடத்திலிருந்து கல் எப்படி விழும்? கல்லை ஆராய்ந்தவர்கள், கண்டவர்களை ஆராயவில்லை என்பதே அவர்களிடம் நான் காணும் குறை.

அக்குறையை முதலில் நீக்கியவர், தட்டின்மேல் மணலைத் தூவி நாதத்தின் வடிவங்களைக் கண்ணுக்குக் காட்டிய ஜெர்மானியர் கிளாட்னி. அவர் சட்டம் பயின்றவர். பல தேசங்களில், பல நூற்றாண்டுகளில், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டிருக்க வழியே இல்லாத மனிதர்கள், நெருப்புக் கோளத்தையும் முழக்கத்தையும் கரிய மேல்தோடு உடைய கல்லையும் ஒன்றுபோலவே வர்ணித்திருப்பதை நீதிமன்றத்துச் சாட்சியங்களைப் போல எடைபோட்டுப் பார்த்து, இவை அண்டவெளியிலிருந்து வந்தவையே என்று 1794-இல் அச்சிட்டு வெளியிட்டார். அறிஞர் பலர் நகைத்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1798 டிசம்பரில், நம் காசி நகரத்தின் அருகே கற்கள் பொழிந்தன. அவற்றையும், இங்கிலாந்து, இத்தாலி, பொஹீமியா ஆகிய நாடுகளில் கிடைத்த கற்களையும் ஒருங்கே பகுத்துப் பார்த்த ஹவர்டு என்னும் ஆங்கிலேய ரசாயனர், நான்கிலும் இரும்போடு நிக்கல் கலந்திருப்பதை 1802-இல் அறிவித்தார். ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் கிடைத்த கற்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாய் இருந்தன; அக்குடும்பத்தில் காசிக் கல்லும் இடம்பெற்றதை எண்ணுகையில் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

மறு வருஷம் ஏப்ரல் 26-ஆம் நாள், நார்மண்டியில் லேகிள் என்னும் ஊரைச் சுற்றி ஏறக்குறைய மூவாயிரம் கற்கள் விழுந்தன. அரசாங்கம் விசாரிக்க அனுப்பியது பியோ என்னும் இருபத்தொன்பது வயது இளைஞரை. அவர் நேரே அவ்வூருக்குச் செல்லவில்லை. தொலைவிலுள்ள அலான்சோன் நகரத்தில் தொடங்கி, முழக்கம் எங்கெங்கே கேட்டது என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே சென்றார். உழவர், பாதிரிமார், சீமாட்டிகள், தொழிலாளர் என்று தொழிலாலும் வயதாலும் கொள்கையாலும் வேறுபட்ட மனிதர்களைக் கண்டு பேசினார். அச்சுற்றுவட்டத்து உருக்கு உலைகளின் கசடுகளையும், சுரங்கங்களின் பாறைகளையும், வீடுகளில் சேகரித்து வைத்திருந்த கனிமங்களையும் புரட்டிப் பார்த்து, அந்நாளுக்கு முன் இத்தகைய கல் அந்தப் பிரதேசத்திலேயே இருந்ததில்லை என்று நிச்சயித்தார். கற்கள் கிடந்த நிலப்பரப்பை வரைந்தபோது, சாய்வாக வந்து வெடித்துச் சிதறிய பொருளுக்கு ஏற்றபடி அது நீள்வட்டமாக அமைந்தது. அவருடைய அறிக்கைக்குப் பிறகு பாரிஸ் விஞ்ஞான சபையில் எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

நேரில் சென்று பார்க்கும் அதே முறை, பொய்யையும் அம்பலமாக்கவல்லது. 1903-இல் அதே பிரான்சில், நான்சி நகரத்துப் பேராசிரியர் பிளாண்ட்லோ புதியதொரு கதிரைக் கண்டதாக அறிவிக்க, விஞ்ஞானிகள் பலர் தாமும் கண்டதாக எழுதினார்கள். மறு ஆண்டு அமெரிக்கரான வுட் அந்த ஆய்வுக்கூடத்துக்கே சென்று, இருளில் கருவியின் முக்கியமான அலுமினியப் பட்டகத்தை ஒருவரும் அறியாமல் எடுத்துவிட்டார். அதன் பிறகும் அவர்கள் அக்கதிரைக் கண்டுகொண்டேயிருந்தார்கள்! பிளாண்ட்லோ வஞ்சகர் அல்லர். காண வேண்டும் என்ற ஆசையே அவருக்குக் கண்ணாகிவிட்டது.

இன்னும் முடியாத விஷயம் ஒன்றும் உண்டு. இடிமழையின்போது நெருப்புருண்டை மிதந்து சென்றதாகச் சொல்வோர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். சாதாரண மின்னலை ஆராய்ந்துகொண்டிருந்த சீன விஞ்ஞானிகளின் கருவியில், 2012-இல் தற்செயலாக அத்தகைய ஒளி ஒன்று பதிந்தது. அதன் நிறமாலையில் சிலிக்கன், இரும்பு, கால்சியம் என்னும் மண்ணின் மூலகங்கள் தெரிந்தன. அது எவ்வாறு உண்டாகிறது என்பதில் ஒருமித்த முடிவு இன்னும் ஏற்படவில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். மழைநாளுக்கு மறுநாள் மாணவன் ஒருவன் எழுந்து, நெருப்புருண்டையை முற்றத்தில் கண்டேன் என்று சொல்வானாயின், அவனை நகைத்து உட்கார வைக்க வேண்டாம், உடனே நம்பிவிடவும் வேண்டாம். எந்த நேரம், எந்தத் திசை, என்ன நிறம், எவ்வளவு பொழுது நின்றது என்று கேட்டுத் தேதியிட்டு எழுதி வையுங்கள். உடன் கண்டவர் இருப்பின், அவரைத் தனியே அழைத்துக் கேளுங்கள்.