குழாயை எடுப்பது கொலையாகுமா?



இன்றைய தலைப்பு கருணைக் கொலை. முன்னால் ‘கருணை’ இருந்தாலும் நம் காதில் விழுவது ‘கொலை’ மட்டும்தான். போதாக்குறைக்கு, இரண்டு வெவ்வேறு செயல்களுக்கும் இந்த ஒரே பெயரை வைத்திருக்கிறோம். மருத்துவர் உயிரைப் போக்கும் மருந்தைச் செலுத்துவது ஒன்று. பலன் தராத சுவாசக் கருவியை நிறுத்தி, நோயை அதன் போக்கில் விடுவது மற்றொன்று. முன்னதை நெதர்லாந்து 2002 முதல் கடும் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதற்கு அனுமதி இல்லை.

இரண்டுக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா? வேறுபாட்டை மறுத்தவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ். 1975இல் அவர் ஒரு கதை சொன்னார். சொத்துக்காக ஒருவன் குளியல் தொட்டியில் சிறுவனை அமுக்கிக் கொல்கிறான். அதே எண்ணத்தோடு வரும் இன்னொருவனின் கண்முன்னே, சிறுவன் தானாகவே வழுக்கி விழுந்து மூழ்குகிறான். அவன் கைகட்டி வேடிக்கை பார்க்கிறான். இரண்டாமவன் நல்லவனா?

கூர்மையான கேள்விதான். ஆனால் அந்த இருவருமே சாவை விரும்பினார்கள். சிறுவனைக் காப்பாற்றவும் முடிந்திருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கண்விழித்துக் கிடக்கும் மகன் அப்படிப்பட்டவன் அல்லன். இருந்தும் ரேச்சல்ஸ் சொன்ன ஒன்றை என்னால் தள்ள முடியவில்லை. சிகிச்சையை நிறுத்தியபின் வரும் சாவு சில வேளைகளில் மெதுவாகவும் வலியோடும் வரும். அப்போது கைகழுவி விலகுவதற்குக் கருணை என்று பெயர் வைக்க முடியுமா?

இந்தியாவின் அருணா ஷான்பாக் வழக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மும்பையில் தாதியாக இருந்த அவர் 1973இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுத்த படுக்கையானார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி மனுச் செய்தார். பராமரித்த தாதியர் எதிர்த்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. ஆனால் பிறர் விஷயத்தில், நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்த அதே தீர்ப்பு வழிவகுத்தது. அருணா 2015இல் நுரையீரல் அழற்சியால் காலமானார். ஏறக்குறைய 42 ஆண்டுகள் பிறர்தாம் அவருக்காகப் பேசினார்கள். அவருடைய விருப்பம் என்ன என்பது யாருக்கும் தெரியாது.

நம் வீடுகளிலும் இதே கதைதான். சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘வாயைக் கழுவு’ என்பார்கள். கடைசியில் முடிவு மூத்த மகன் தலையில் விழும். ஊரிலிருந்து வரும் சித்தப்பா, ‘அப்பாவைக் கொன்னுட்டியேடா’ என்பார். அந்தச் சொல்லை அவன் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டும்.

இதற்காகத்தான் சிங்கப்பூரில் 1996இலேயே முன்கூட்டிய மருத்துவ ஆணைச் சட்டம் வந்தது. 21 வயது நிரம்பியவர், தாம் குணமாகாத நோயின் இறுதிக் கட்டத்தில் நினைவிழந்து கிடந்தால் உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் தேவை, ஒருவர் மருத்துவர். இருவருக்கும் உங்கள் மரணத்தால் ஆதாயம் இருக்கக் கூடாது. (சொத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை கையெழுத்துப் போட முடியாது!) மனம் மாறினால் ஒரு சாட்சியின் முன்னிலையில் வாய்மொழியாகவே ரத்து செய்யலாம். உயிரைப் போக்கும் செயல் எதற்கும் இது அனுமதி அல்ல என்றும் சட்டம் சொல்கிறது. வலி தணிக்கும் பராமரிப்பு நிற்காது.

டாக்டர், நம் நேயர்கள் அஞ்சுவது இந்தக் கடைசி இடத்தில்தான். கருவியை எடுத்தபின் அந்த நோயாளிக்கு நீங்கள் என்னென்ன செய்வீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.