விரலசைவும் கட்டளையும்



மடிக்கணினியின் விசைப்பலகைக்குக் கீழே வழுவழுப்பான நீள்சதுரம் ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். டச்பேட் என்று வழங்கும் அதனைத் தொடுபலகை என்றே இங்குச் சொல்லப் போகிறேன். ஒரு விரலை அதன்மேல் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகரும். இரு விரல்களை நகர்த்தினால் பக்கம் மேலும் கீழும் ஓடும். மூன்று விரல்களை ஒருசேர வைத்து இடப்பக்கம் தள்ளினால் என்ன நிகழ வேண்டும், நான்கு விரல்களைக் குவித்தால் என்ன நிகழ வேண்டும் என்பதையெல்லாம் கணினியை ஆக்கியோர்தாம் முடிவு செய்ய வேண்டுமா? நாமே முடிவு செய்துகொள்ளலாகாதா? லினக்ஸ் போன்ற திறந்த மூலநிரல் அமைப்புகளில் அது இயலும். எவ்வாறு இயலும் என்பதையும், எங்கே விழிப்பு வேண்டும் என்பதையும் இன்று காண்போம்.

எனக்கு இதில் நாட்டம் பிறந்தது ஓர் அம்மையாரால். எங்கள் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அவர். பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் படங்களை ஒரு பணித்தளத்தில் திறந்து வைத்து, மற்றொரு பணித்தளத்தில் அதனைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். மூட்டுவலியால் அவர் விரல்கள் அகல விரியமாட்டா. “தம்பி, இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் என் கையைப் பார்த்துச் செய்யவில்லை” என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை; உள்ளதைச் சொன்னார். எங்கோ அமர்ந்து நிரல் எழுதுபவருக்கு அவருடைய கை எப்படித் தெரியும்?

விரலசைவு கட்டளையாக மாறும் வழியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தொடுபலகையின் அடியில் நுண்ணிய மின்முனைகள் வலைபோலப் பரந்துள்ளன. விரல் நெருங்கும் இடத்தில் மின்தேக்குத்திறன் சிறிதளவு மாறுகிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த லினக்ஸின் உட்கரு, அதாவது கெர்னல், இச்செய்தியை எண்களாகப் பெறுகிறது: இன்ன விரல், இன்ன இடம், இன்ன நேரம். அவ்வளவே. அவ்வெண்களுக்குப் பொருள் காண்பது லிப்இன்புட் என்னும் நிரல்தொகுதி. அதன் 1.0 பதிப்பு 2015-இல் வெளிவந்தது. இரு விரல்கள் ஒரே திசையில் சென்றால் அதனைப் பக்க ஓட்டமாகவும், மூன்றோ அதற்கு மேலோ சென்றால் தள்ளலாகவும், ஒன்றையொன்று நெருங்கினால் குவித்தலாகவும் அது கொள்கிறது. தொடங்கிற்று, நகர்கிறது, முடிந்தது என்று படிப்படியாக அறிவிக்கிறது. நடுவிலே ஒரு விரல் கூடினாலோ குறைந்தாலோ சைகை கைவிடப்பட்டது என்றும் அறிவிக்கும். ஆனால், அச்சைகைக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அது சொல்லாது. ‘மூன்று விரல்கள் இடப்பக்கம் செல்கின்றன’ என்று கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நாம் நுழையக்கூடிய இடம் அதுதான்.

பணித்திரைகள் சில தாமே விடை வைத்திருக்கின்றன. 2021 மார்ச்சு மாதம் வந்த க்னோம் 40, மூன்று விரல்களைப் பக்கவாட்டில் தள்ளிப் பணித்தளம் மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. நமக்கென வேறு விடை வேண்டுமானால் லிப்இன்புட்-ஜெஸ்சர்ஸ், டச்செக் ஆகிய கருவிகள் உள்ளன. முன்னதில் அமைவுக் கோப்பு ஒன்றைத் திறந்து ஒரு வரி எழுதினால் போதும்: சைகை எது, திசை எது, விரல் எத்தனை, இயக்க வேண்டிய கட்டளை எது. சாதாரண எழுத்துக் கோப்புதான். பள்ளி மாணவர் ஒருவர் அரைமணியில் கற்றுக்கொள்ளலாம்.

கற்ற வேகத்தில் நானும் ஓர் அறியாமை செய்தேன். மூன்று விரல்களைக் கீழ்நோக்கி இழுத்தால் சாளரம் மறையட்டும் என்று என் கணினியில் எழுதினேன். ‘மூடு’ என்னும் கட்டளையைத் தராமல், நிரலை அந்தக் கணமே துண்டித்துவிடும் கட்டளையைத் தந்துவிட்டேன். முன்னது, சேமிக்க வேண்டுமா என்று கேட்கும். பின்னது எதையும் கேட்காது. இரண்டு நாள் கழித்து, நீண்ட கட்டுரை ஒன்றை இரு விரல்களால் ஓட்டிப் படிக்க முனைந்தபோது மூன்றாவது விரலும் உடன் படிந்துவிட்டது. ஒரு மாலை முழுதும் எழுதியது கண்ணெதிரே மறைந்தது. மீட்க முடியாத செயல் எதனையும் எளிய சைகையோடு பிணைக்கலாகாது என்று அன்று தெரிந்துகொண்டேன். எவ்வளவு தொலைவு நகர்ந்தால் சைகையாகக் கொள்ள வேண்டும் என்னும் எல்லையையும் இக்கருவிகளில் கூட்டிக் குறைக்கலாம். அதையும் நான் பார்க்கவில்லை.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. லிப்இன்புட்-ஜெஸ்சர்ஸ் தொடுபலகையின் எண்களை நேரே படிக்க வேண்டும். அதற்காக நம் பயனர் கணக்கை ‘இன்புட்’ என்னும் குழுவில் சேர்க்கச் சொல்வார்கள். ஒரே கட்டளை, வழிகாட்டிகள் பலவும் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. ஆனால் அந்தக் குழுவிற்குத் திறப்பது தொடுபலகை மட்டுமன்று, விசைப்பலகையும் திறந்துவிடும். அதன்பின் நம் கணக்கில் இயங்கும் எந்த நிரலும், நேற்று விளையாட்டாக இறக்கி வைத்த ஒன்று உட்பட, நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் படிக்கலாம். கடவுச்சொல்லும் அதில் அடக்கம். எக்ஸ் என்னும் பழைய சாளர அமைப்பில் இந்தக் காவல் முன்பே தளர்ந்ததுதான். 2008-இல் தொடங்கிய வேலண்டோ, ஒரு நிரலின் விசைகளை மற்றொன்று பார்க்கலாகாது என்னும் எண்ணத்தோடு கட்டப்பட்டது. அத்தகைய வீட்டில் குடியேறிவிட்டு, ஒரு சைகைக்காகப் பின்கதவைத் திறந்து வைப்பது எனக்கு உடன்பாடன்று.

டச்செக் இதில் வேறு வழி கண்டது. எண்களைப் படிக்கும் பணியைத் தனியே ஒரு காவல் நிரல் பார்க்கிறது. கட்டளையை இயக்குவது நம் கணக்கில் ஓடும் மற்றொரு நிரல். முன்னது பின்னதற்கு ‘மூன்று விரல், இடப்பக்கம்’ என்ற செய்தியை மட்டும் அனுப்பும். நம் கணக்கை எக்குழுவிலும் சேர்க்க வேண்டியதில்லை. எக்ஸ் அமைப்பிற்கென எழுந்த கருவி அது என்பதை மறக்கலாகாது. வேலண்டில் சைகையைப் பெற்றுப் பொருள் கொள்வது பணித்திரையை நடத்தும் நிரலின் பொறுப்பு.

அம்மையாரின் கணினியில் இருந்தது லினக்ஸ் மின்ட். 2023-இல் வந்த அதன் 21.2 பதிப்பிலிருந்து சினமன் பணித்திரையின் அமைப்புகளிலேயே சைகைகளுக்கென ஒரு பக்கம் உண்டு. உள்ளே உழைப்பது டச்செக்தான். மூன்று விரல்கள் இடப்பக்கம் சென்றால் ஒரு தளம், வலப்பக்கம் சென்றால் மற்றொரு தளம் என்று அமைத்தேன். முதலில் அவர் விரல்களைப் பலகையில் ஊன்றி அழுத்தினார், எதுவும் நிகழவில்லை. “அழுத்த வேண்டாம் அம்மா, தடவினால் போதும்” என்றேன். அடுத்த முறை பழைய பிரதி விலகிப் புதிய பிரதி வந்து நின்றது. நாலைந்து முறை அப்படியும் இப்படியுமாகத் தள்ளிப் பார்த்துச் சிரித்தார்.

வேறு சைகைகளும் வேண்டுமா என்று கேட்டேன். “இந்த இரண்டும் கைக்குப் பழகட்டும்” என்று சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து தட்டச்சைத் தொடர்ந்தார்.