பன்னிரண்டு இடங்கள் தந்த பாடம்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



நகராண்மைத் தேர்தல் என்றதும் நம்மில் பலருக்குச் சாக்கடையும் தெருவிளக்கும் குப்பை வண்டியுந்தான் நினைவுக்கு வருகின்றன. "அது பட்டணத்தார் விவகாரம், பால்மரத்தடியில் நிற்கும் நமக்கென்ன?" என்று கேட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு நகரத்தில் எண்ணப்பட்ட வாக்குகள் ஒரு நாட்டின் அரசியலுக்கே வழி வகுத்த வரலாறு நம் மண்ணில் உண்டு. அதைத்தான் இன்று பேச வந்தோம்.

1952 பிப்ரவரி 16. வெள்ளையர் ஆட்சி, அவசரகாலம். அன்றுதான் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்திற்கு முதல் தேர்தல் நடந்தது. போட்டிக்குரிய இடங்கள் 12.

அதற்கு முந்திய ஆண்டில் டத்தோ ஓன் ஜாபார் அம்னோவை விட்டு விலகியிருந்தார். 1946இல் அக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் முதல்வர் அவரே. எல்லா இனத்தாருக்கும் கட்சிக் கதவைத் திறக்க வேண்டும் என்றார், கட்சி இணங்கவில்லை. வெளியேறி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். நோக்கம் உயர்ந்தது. ம.இ.கா.வும் அவர் பக்கம் நின்றது. கோலாலம்பூர் அவருக்கே என்று பலரும் எண்ணினார்கள்.

மறுபக்கத்தில் நடந்தது என்ன? அம்னோவின் உள்ளூர்க் கிளையும் மலாயாச் சீனர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் ஒன்றாக உட்கார்ந்து பேசின. இருவரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை, ஒரே அணியாக நிற்பது என்று முடிவு செய்தன. தலைமையகம் போட்ட திட்டமன்று அது. உள்ளூர்க்காரர் செய்துகொண்ட ஏற்பாடு.

முடிவு வந்தது. அம்னோ - சீனர் சங்க அணிக்கு 9. டத்தோ ஓன் கட்சிக்கு 2. சுயேச்சைக்கு 1.

தோழர்களே, ஓர் உள்ளூர் ஏற்பாடு அன்றிரவே நாட்டு அரசியலின் அச்சாகிவிட்டது. அந்த முறை மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1954இல் ம.இ.கா.வும் அதில் சேர்ந்தது. 1955 பொதுத் தேர்தலில் அக்கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. 1957இல் சுதந்திர அரசை அமைத்தது. பின்னர் தேசிய முன்னணியாக விரிந்து, 2018 மே மாதம் வரை கூட்டரசு ஆட்சியை விடவில்லை. இனத்துக்கு ஒரு கட்சி, மேலே தலைவர்களுக்குள் பங்கீடு என்ற அந்த அமைப்பின் முதல் செங்கல் கோலாலம்பூரின் 12 இடங்கள்தாம்.

நமக்கு என்ன நேர்ந்தது? முதலில் தோற்ற பக்கம் நின்றோம். பிறகு வென்ற பக்கத்தில் மூன்றாமவராய்ப் போய்ச் சேர்ந்தோம். குடியுரிமை இல்லாத காரணத்தால் 1955இல் தோட்டத்து மக்கள் பலர் வாக்களிக்கவே முடியவில்லை. பந்தி விரித்தபின் வந்தவனுக்கு இலையின் ஓரந்தான் கிடைக்கும்.

டத்தோ ஓனின் கொள்கை தோற்றுவிட்டது என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். கொள்கைக்குக் கொடி இருந்தது. வீடு வீடாய் நடக்கும் கால்கள் போதவில்லை. சங்கம் கட்டிய நமக்கு இது புதிதன்று. துரையிடம் பால்வெட்டுத் தொழிலாளி தனியாகவும் கிராணி தனியாகவும் போய் நின்றால் என்ன பதில் வரும் என்பது இங்கே யாருக்குத் தெரியாது?

இனி வருத்தமான பகுதிக்கு வருகிறோம். நாட்டுக்கே வழிகாட்டிய அந்த நகரத்துக்கு இன்று தன் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. 1960ஆம் ஆண்டின் தலைநகர்ச் சட்டத்திற்குப் பின் கோலாலம்பூர் நியமன ஆணையரிடம் போயிற்று. 1965இல், இந்தோனேசிய எதிர்ப்பைக் காரணங்காட்டி, மற்ற ஊராட்சித் தேர்தல்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு, தேர்தல் மீண்டும் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் கதவை அடைத்தது. இன்றும் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள்.

ஊராட்சித் தேர்தல் இனப்பகையைக் கிளறும் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்களின் அச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் 1952இல் மலாய்க்காரரையும் சீனரையும் ஒரே மேடையில் ஏற்றியது எது? ஊராட்சித் தேர்தல்தானே! வாக்குக் கேட்க வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் கை கோத்தார்கள்.

தோழர்களே, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, நம் பிள்ளைகளில் பலர் இன்று நகரத்து அடுக்கு வீடுகளில் குடியிருக்கிறார்கள். கால்வாய் அடைத்தாலும், அங்காடிக் கடைக்கு லைசென்ஸ் வேண்டுமென்றாலும் அவர்கள் போய் நிற்பது மன்றத்தின் வாசலில்தான். அங்கே அமர்ந்திருப்பவர் அவர்கள் வாக்கால் வந்தவரல்லர். வாக்கால் வராதவருக்கு வாக்காளரிடம் என்ன அச்சம்?

ஆகவே, ஊராட்சித் தேர்தல் எங்கே பேசப்பட்டாலும் அது நமக்கு வேண்டாத பேச்சு என்று ஒதுங்கவேண்டாம். அந்த உரிமை திரும்ப வரவேண்டும் என்று நாமும் கேட்போம். வரும் நாளில், முடிவு வெளியான பிறகு யாரோடு சேரலாம் என்று தேடுபவர்களாக இராமல், தொடக்கத்திலேயே கூடிப் பேசி நிற்பவர்களாக இருப்போம். 12 இடங்கள் நமக்குத் தந்த பாடம் அதுவே.