வீடே பணிமனையானால்



வேலைக்குப் போவது என்று நாம் சொல்கிறோம். ‘போவது’ என்னும் அச்சொல்லிலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. வீடு வேறு, வேலை செய்யும் இடம் வேறு. இரண்டுக்கும் இடையில் ஒரு பாதை உண்டு. காலையில் அப்பாதையைக் கடக்கும் மனிதன் பணியாளன் ஆகிறான். மாலையில் திரும்பும்போது மீண்டும் குடும்பத்துக்கு உரியவன் ஆகிறான். இந்தப் பாதை மறைந்து போனால் என்ன ஆகும்? வீட்டில் இருந்தபடியே வேலை செய்வோர், தம்மை வேலைக்கு அமர்த்தியவரிடம் எவற்றை எதிர்பார்க்கிறார்கள்? இதைக் குறித்தே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

இது முற்றிலும் புதிய கேள்வி அன்று. காஞ்சிபுரத்து நெசவாளியின் வீட்டில் தறிக்கு ஒதுக்கிய இடம் போக எஞ்சியதே குடும்பத்துக்கு. திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் அமர்ந்து பீடி சுற்றுகிறார்கள். வீட்டில் செய்வதால் அது வேலை ஆகாதா? ஆகும் என்றே நம் நாட்டுச் சட்டம் விடை கூறியது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், தொழிற்கூடத்தில் உழைப்போரோடு வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றுக்கொண்டது. 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் தனது 177-ஆம் உடன்படிக்கையில், வீட்டிலிருந்து உழைப்போரை ஏனைய தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்ற நெறியை வகுத்தது. இடம் மாறுவதால் உரிமை மாறுவதில்லை என்பதே இவற்றின் சாரம்.

கைத்தொழிலுக்கு வகுத்த இந்த நெறி, காகிதமும் கணினியும் கொண்டு நடக்கும் அலுவலக வேலைக்கும் தேவையாகும் காலம் பின்னர் வந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொள்ளைநோய் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, இலட்சக்கணக்கான அலுவலகப் பணியாளர் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் அமர்ந்தனர். சாப்பாட்டு மேசை அலுவலக மேசையாயிற்று. நோய் தணிந்த பின்னரும் இம்முறை அடியோடு மறைந்துவிடவில்லை.

இம்முறையால் யாருக்கு நன்மை, யாருக்கு நஷ்டம் என்பதை, நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னரே ஒரு சோதனை காட்டியிருக்கிறது. சீன நாட்டின் ஷாங்காய் நகரில் சீட்ரிப் என்ற பிரயாண நிறுவனம் இருந்தது. தொலைபேசி வழியே விமானச் சீட்டும் விடுதி அறையும் பதிவு செய்து தருவது அங்குள்ள ஊழியர்களின் வேலை. 2010-ஆம் ஆண்டின் இறுதியில், தாமாக முன்வந்து தகுதி பெற்ற 249 ஊழியர்களை நிறுவனம் இரு பிரிவாக்கியது. பிறந்த தேதி இரட்டை எண்ணாக இருந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தனர். ஒற்றை எண்ணாக இருந்தவர்கள் அலுவலகத்திலேயே இருந்தனர். ஒன்பது மாதங்கள் இது நடந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கொலாஸ் புளூம் என்பாரும் அவருடைய துணைவர்களும் அதன் பலனை ஆராய்ந்தனர்.

வீட்டிலிருந்தோரின் வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. இடைவேளையும் விடுப்பும் குறைந்து, வேலை செய்த நிமிடங்கள் கூடியதே இதற்குப் பெருங்காரணம். அமைதியான சூழல் மற்றொரு காரணம். வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது. இடமும் வாடகையும் மிச்சமாயின. ஓர் ஊழியருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 2,000 டாலர் இலாபம் எனக் கணக்கிட்டனர்.

நிறுவனத்துக்கு இலாபம், சரி. ஊழியருக்கு என்ன கிடைத்தது? பிரயாணத் தொல்லை நீங்கியது உண்மையே. ஆனால், ஒரே அளவு திறமையாக வேலை செய்தவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தோர் பதவி உயர்வு பெறும் வாய்ப்புக் குறைந்திருந்தது. நன்றாக உழைத்தவரே மறக்கப்பட்டார். சோதனை முடிந்து, விரும்பிய இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றபோது, வீட்டிலிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டனர். தனிமையைத் தாங்க இயலவில்லை என்பது அவர்கள் கூறிய முக்கியக் காரணம்.

இந்த அனுபவத்திலிருந்து, ஊழியரின் எதிர்பார்ப்புகளை நான்காக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, செலவு. அலுவலகத்தில் நாற்காலியும் விளக்கும் முதலாளியுடையவை. வீட்டிலோ மின்சாரக் கட்டணமும் இணையக் கட்டணமும் ஊழியர் தலையில் விழுகின்றன. நிறுவனம் மிச்சப்படுத்திய வாடகையை ஊழியரின் குடும்பம் செலுத்துவது நியாயமாகுமா? போர்ச்சுகல் நாட்டில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய கூடுதல் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்கிறது.

இரண்டாவது, நேரம். அலுவலகத்தின் கதவு மாலையில் சாத்தப்படும். கைப்பேசிக்குக் கதவு இல்லை. இரவு பத்து மணிக்கு மேலதிகாரி அழைத்தால், வீட்டில்தானே இருக்கிறோம் என்று எண்ணி ஊழியர் எழுந்து அமர்கிறார். பிரெஞ்சு நாட்டில் 2017 முதல், 50 பேருக்குக் குறையாத ஊழியர் கொண்ட நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்டு முதல் இவ்வுரிமை சட்டமாயிற்று.

மூன்றாவது, நம்பிக்கை. எத்தனை முறை விசையைத் தட்டினார் என்று எண்ணுவதற்கும், கணினித் திரையை அடிக்கடி படம் பிடிப்பதற்கும் இன்று கருவிகள் உள்ளன. செய்து முடித்த வேலையைக் கணக்கிடுவது முதலாளியின் உரிமை. ஆனால் வீடு என்பது ஊழியருடையது. அங்கே வேவு பார்ப்பது விருந்துக்கு வந்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பது போலாகும். ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2017-இல், குறிப்பான சந்தேகம் இன்றி ஊழியரின் விசைத்தட்டல்களை இரகசியமாகப் பதிவு செய்வது தகாது எனத் தீர்ப்பளித்தது.

நான்காவது, நினைவு. இதுவே யாவற்றினும் பெரிது எனக் கருதுகிறேன். செலவையும் நேரத்தையும் சட்டத்தால் வரையறுக்கலாம். கண்ணில் படாத ஊழியரை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதை எந்தச் சட்டம் முழுமையாகச் சாதிக்கும்? போர்ச்சுகல் சட்டம் அதற்கும் ஒரு வழி தேடியது. இரண்டு மாதத்துக்கு மேற்படாத இடைவெளிகளில் ஊழியர் மேலதிகாரிகளையும் சக ஊழியரையும் நேரில் சந்திக்க முதலாளி வகை செய்ய வேண்டும் என்கிறது. அதே சீன நிறுவனம் பிற்காலத்தில் 1,612 ஊழியரைக் கொண்டு மற்றொரு சோதனை நடத்தியது. இம்முறை வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வீடு. மற்ற நாட்கள் அலுவலகம். 2024-இல் வெளியான அதன் முடிவின்படி, விலகியோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வுக்குக் குறைவு நேரவில்லை. ஆகவே, வீட்டிலிருந்து உழைப்பவர் மறக்கப்படுவது தவிர்க்க முடியாத விதி அன்று. முறையை வகுப்பவர் கையில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இத்தகைய வேலையில் அமரக்கூடும். முதலாளிக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடமையும் உண்டு. யாரும் பார்க்காதபோதும் ஒழுங்காக உழைப்பதே அது. அக்கடமையைச் செய்பவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. செலவை யார் ஏற்பார், எந்த மணிக்கு வேலை முடியும், எதை வைத்து என்னை மதிப்பிடுவீர்கள், உயர்வு வரும்போது என் பெயர் நினைவுக்கு வருமா என்று வேலையை ஒப்புக்கொள்ளுமுன் தயங்காமல் கேளுங்கள். நாளை சிலர் முதலாளிகளாகவும் ஆவீர்கள். அப்போது இக்கேள்விகளைப் பிறர் கேட்கும்வரை காத்திராதீர்கள்.

ஊழியர் தம் வீட்டில் ஓர் அறையைத் தொழிலுக்காகத் திறந்து விடுகிறார். அந்த அறையின் கதவை மாலையில் சாத்திக்கொள்ளவும் அவருக்கு இடம் கொடுப்பதே நேர்மையான முதலாளிக்கு அழகு.